நறுக்கிப் பார்த்த ஆயா!

தென்பெண்ணைக் கரையோர மூங்கில்துறைப்பட்டுன்னா பலருக்கு சர்க்கரை ஆலைதான் ஞாபகம் வரும். எனக்கு இனிமே காளான்! இடிமழைக்கு மறுநாள், நண்பன் வீட்டு ஆயாவோடு காளான் பறிக்கக் கிளம்பினேன். கரையான் புற்றோரம் குடை விரிச்சிருந்த புற்றுக்காளான்களை ஆயா கூடையில் போட, நான் ஒரு வெள்ளை உருண்டையைப் பிடுங்கி, "இதுதான் பஃப்பால் காளான்"னு பந்தா காட்டினேன்.

ஆயா அதை நெடுக்கா ரெண்டா நறுக்கினாங்க. உள்ளே குட்டியா குடையும் காம்பும்! "இது வேற காளானோட மொட்டு சாமி"ன்னு தூக்கி வீசிட்டாங்க.

பஃப்பால்னா உள்ளே முழுக்க வெள்ளையா, கெட்டியா இருக்கணும். மஞ்சளோ கறுப்போ தட்டினா தொடாதீங்க. குடை தெரிஞ்சா அது அமானிட்டா மொட்டாக இருக்கலாம். அதில் சில வகை கல்லீரலையே காலி பண்ணிடும். வேகவெச்சாலும் விஷம் போகாது. தெரிஞ்சவங்க பார்த்துச் சொல்லாம வாயில வைக்காதீங்க.

செமஸ்டர்ல கோட்டை விட்டா அரியர் எழுதலாம். இதுல சான்ஸே இல்லை ஃப்ரெண்ட்ஸ்!