ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சார்ஜர் வாங்கப் போனால்...

அண்ணா சாலை அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வழி கேட்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. தோளில் லேப்டாப் பையும் முகத்தில் கவலையுமாக நடக்கிறவர் யாராவது ஒருவர் முன்னால் போய்க்கொண்டிருப்பார். அவர் பின்னாலேயே போனால் போதும். தெருமுனையைத் தொடுவதற்குள், "என்ன சார் வேணும்? லேப்டாப்பா, பேட்டரியா, சார்ஜரா?" என்ற குரல் வந்துவிடும்.

பெயர்தான் ரிச்சி ஸ்ட்ரீட். உண்மையில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று பக்கத்துத் தெருக்களும் அவற்றின் சந்துகளும் சேர்ந்துதான் இந்த மார்க்கெட். ஒரு காலத்தில் ரேடியோ உதிரிப் பாகங்களுக்குப் பேர்போன இடம். மீரான் சாகிப் தெருவில் சினிமா விநியோகஸ்தர்களின் அலுவலகங்கள் வரிசையாக இருந்தன. பிறகு டி.வி, கம்ப்யூட்டர், சி.சி.டி.வி என்று காலத்துக்கு ஏற்ப சரக்கு மாறியது. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்த பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை இதுதான் என்று இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையை விட்டுவிட்டு, நம் வீடுகளில் அடிக்கடி வரும் ஒரு பிரச்னைக்கு வருவோம். லேப்டாப் நன்றாக இருக்கும்; சார்ஜர் மட்டும் செத்துப்போகும்.

சார்ஜர் கடைகளைப் பார்த்ததுமே அடையாளம் தெரியும். பத்தடி அகலம்கூட இல்லாத கடையில், மாலை கட்டித் தொங்கவிட்டது மாதிரி கறுப்பு ஒயர்கள். கேட்கும் முதல் கேள்வி, "பழைய சார்ஜர் கொண்டுவந்தீங்களா?" என்பதுதான். லேப்டாப்பின் மாடல் பெயரைச் சொன்னால் அவர்களுக்குப் பாதி விஷயம்தான் தெரியும். பழைய சார்ஜரின் முதுகில் உள்ள பொடி எழுத்துகளில்தான் மீதி இருக்கிறது.

அந்தப் பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலான டெல், ஹெச்.பி லேப்டாப்களில் 19.5 வோல்ட் என்றிருக்கும். லெனோவோ என்றால் 20, ஏசர் மற்றும் அசுஸில் பெரும்பாலும் 19. பக்கத்திலேயே 3.34 ஆம்பியர் மாதிரி இன்னோர் எண். இரண்டையும் பெருக்கினால் வாட். 19.5-ஐ 3.34-ஆல் பெருக்கினால் 65 வாட் வரும். வோல்ட் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நம் குடம் கொள்கிற அளவுதானே தண்ணீர் பிடிப்போம்? லேப்டாப்பும் தனக்கு வேண்டிய கரன்ட்டை மட்டும்தான் இழுக்கும். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் சார்ஜரை மாட்டினால்தான் சிக்கல். சார்ஜர் கொதிக்கும், வேலை செய்துகொண்டிருக்கும்போதே பேட்டரி இறங்கும்.

அடுத்து பின். ஹெச்.பி-யின் நீல முனைப் பின், லெனோவோவின் செவ்வகப் பின், ஏசரின் ஒல்லி உருளை என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பிடிவாதம். கம்மல் டப்பா மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு முனையாகச் செருகிப் பார்த்துக் காட்டினார் ஒரு கடைக்காரர். "உள்ளே போச்சுன்னா சரின்னு நினைக்காதீங்க. லூசா இருந்தா அங்கேயே தீப்பொறி வரும்" என்றார்.

விலைக்கு வருவோம். நான் விசாரித்த கடைகளில் 65 வாட் சார்ஜருக்கு 450 ரூபாயில் ஆரம்பித்து 2,200 வரை சொன்னார்கள். 'லோக்கல்', 'காம்பட்டிபிள்', 'ஃபர்ஸ்ட் காப்பி', 'ஒரிஜினல்' என்று நான்கு ஜாதி. இதில் 'காம்பட்டிபிள்' மட்டும்தான் நேர்மையான சொல் என்பது என் அபிப்பிராயம். வேறொரு கம்பெனி, தன் சொந்தப் பெயரைப் போட்டு, உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்தும்படி செய்தது. அதில் தவறே இல்லை, நல்லவையும் நிறைய இருக்கின்றன. 'ஃபர்ஸ்ட் காப்பி' என்பது, பெரிய கம்பெனியின் லோகோவை ஒட்டிய போலிக்கு வைத்திருக்கும் செல்லப்பெயர்.

போலியில் என்ன போய்விடப்போகிறது என்கிறீர்களா? சுவரிலிருந்து 230 வோல்ட் வரும் பக்கத்துக்கும் லேப்டாப்புக்குப் போகும் பக்கத்துக்கும் நடுவே போதுமான இடைவெளியும் இன்சுலேஷனும் இருக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்கிறவர்கள் கை வைப்பது அங்கேதான். அந்தச் சார்ஜரை மெத்தைமேல் போட்டுவிட்டுப் பிள்ளைகள் தூங்கிப்போகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வாங்கும் முன் சார்ஜரின் மேல் பி.ஐ.எஸ் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் அடாப்டர்களுக்கு இந்தப் பதிவு கட்டாயம். 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணை அடித்தால், யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்று அங்கேயே வந்துவிடும். கடை வாசலில் நின்று மூன்று சார்ஜர்களை இப்படிப் பார்த்தேன். ஒன்றின் எண், அட்டையில் போட்டிருந்த கம்பெனிக்குச் சொந்தமானதே இல்லை. கடைப் பையன் ஒன்றும் பேசாமல் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தான்.

இன்னொரு விஷயம், 'டெஸ்ட்' பண்ணிக் காட்டுவது. மல்ட்டிமீட்டரை வைத்து, "பாருங்க, 19.5 வருது" என்பார்கள். சும்மா இருக்கும்போது மட்டமான சார்ஜரும் அந்த எண்ணைக் காட்டும். சுமை ஏற்றினால்தான் சாயம் வெளுக்கும். அதனால் பேட்டரியை நன்றாக இறக்கிவிட்டு லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். பதினைந்து நிமிடம் கடையிலேயே சார்ஜ் ஏறட்டும். தொட்டால் இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ, கீச்சென்ற சத்தமோ, தீய்ந்த வாடையோ வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

இப்படி ஒரு கடையில் நின்றபோதுதான் செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த அந்த அம்மாவையும் மகளையும் பார்த்தேன். மகள் கல்லூரி இரண்டாம் வருடம். மறுநாள் காலை புராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டும், எல்லாம் லேப்டாப்புக்குள் இருக்கிறது. யாரோ கொடுத்த பழைய டெல். சார்ஜரை மாட்டினால் 'அடாப்டர் வகை தெரியவில்லை' என்று திரையில் வருகிறது, பேட்டரி ஏறவில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்ட தொகையைச் சொல்லும்போதே அந்த அம்மாவின் குரல் இறங்கியது. தையல் கூலியில் ஓடும் வீடு. கையில் 700 ரூபாய்தான் கொண்டுவந்திருந்தார்.

கடைக்காரர் புதுச் சார்ஜர் எடுக்கவில்லை. "ஏம்மா, இது நல்ல சார்ஜர்தான். எதிர்ல அண்ணன்கிட்ட குடுங்க, ஒயர் மாத்திக் குடுப்பாரு" என்று கையைக் காட்டினார். டெல் சார்ஜரின் பின் நடுவில் ஊசி மாதிரி ஒன்று இருக்கிறதே, அதன் வழியாகத்தான் லேப்டாப் 'இது நம்ம ஆள்தானா, எத்தனை வாட்' என்று விசாரிக்கும். அதற்குப் போகும் மெல்லிய ஒயர், மடித்து மடித்துச் சுற்றுவதில் பின் பக்கத்தில் அறுந்துவிடும். பதில் வராவிட்டால் லேப்டாப் பேட்டரியை ஏற்றாது, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். மலிவான 'லோக்கல்' டெல் சார்ஜர்களிலும் இதே தகராறுதான்.

எதிர்ப்பக்க மாடிப்படியின் கீழ், ஒரு ஸ்டூலும் சால்டரிங் அயர்னுமாக உட்கார்ந்திருந்தார் அந்த அண்ணன். சார்ஜரைப் பிரித்து, புது ஒயரைப் பற்றவைத்து, மூடி ஒட்ட இருபது நிமிடம். கூலியும் ஒயரும் சேர்த்து 250 ரூபாய். லேப்டாப்பில் ஆரஞ்சு விளக்கு எரிந்ததும் மகள் முதலில் செய்த காரியம், அங்கேயே நின்று ஃபைலைத் திறந்து எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்ததுதான். "ஒயரை இறுக்கிச் சுத்தாதம்மா, பாம்பு மாதிரி வளையமா விடு" என்றார் அண்ணன், சால்டரிங் புகைக்குள்ளிருந்து.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் சுருக்கென்கிறதா? மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். எர்த் இல்லாததுதான் அநேகமாகக் காரணம்.

புது லேப்டாப் வாங்கியவர்களுக்கு இந்தப் பின் தொல்லை குறைந்துவருகிறது. டைப்-சி சார்ஜரும் லேப்டாப்பும் தங்களுக்குள் பேசி வோல்ட்டை முடிவுசெய்துகொள்ளும். ஆனால், வாட்டை அங்கேயும் பார்க்க வேண்டும். 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமென்றால் அதற்கான 5 ஆம்பியர் கேபிளும் வேண்டும். போன் கேபிள் உதவாது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் முதல் புது லேப்டாப்களுக்கும் டைப்-சியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இதைச் சொன்னபோது, அந்தக் கடைக்காரர் பின் டப்பாவை மூடிக்கொண்டே சிரித்தார். "பழைய லேப்டாப் இருக்கிற வரைக்கும் எங்களுக்கு வேலை இருக்கு தம்பி."

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், முக்கால்வாசிக் கடை மூடியிருக்கும். வாகனத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், நிறுத்த இடம் கிடைக்காது. காலை பதினொரு மணிக்குப் போனால் கூட்டம் சேர்வதற்குள் நின்று பேசி வாங்கலாம். ஜி.எஸ்.டி பில் கேட்டால் விலை கொஞ்சம் ஏறும். கேளுங்கள், ஆறு மாத வாரன்டி என்று வாயால் சொல்வதை அதில் எழுதியும் வாங்குங்கள்.