பாலாறு தொட்டுக் கடல் வரை – 5: தண்ணீர் இல்லாத அருவி

சென்ற வாரம் செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரையில் உங்களை நிறுத்திவிட்டுப் போனேன். அன்று இரவே சுவிட்சர்லாந்து போயிருக்கும் நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் படங்களாக அனுப்பித் தள்ளிவிட்டார். பிரியன்ஸ் ஏரிக்கு மேலே கீஸ்பாக் என்ற மலை ஓடை. 14 படிகளாக விழுகிறது. 1870களில் அதற்கு எதிரே அரண்மனை போல ஓர் ஓட்டல் எழும்பியது. படகில் வந்து இறங்குகிறவர்கள் மூச்சு வாங்காமல் மேலே போக 1879-ல் இழுவை ரயிலும் வந்தது. இரவில் அருவிக்கு விளக்குப் போட்டுக் காட்டினார்களாம். கடைசிப் படத்தின் கீழே ஒரு வரி: “உங்க செங்கல்பட்டுப் பக்கம் இப்படி ஒண்ணு காட்டு, பார்ப்போம்.”

கிண்டல்தான். இந்த மாவட்டத்தில் ஏரிக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் மலை என்று சொல்லிக்கொள்ள சில கரடுகளும் குன்றுகளும்தான். பாலாறு பல மாதம் வெறும் மணல். ஆனாலும் இங்கே ஓர் அருவி உண்டு. அதுவும் இமயமலையிலிருந்து இறங்குகிற அருவி. வயது ஏறக்குறைய 1,300 வருடம். கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அதைப் பார்க்கத்தான் பஸ் ஏறினேன்.

வழியில் திருக்கழுக்குன்றம். உச்சிவேளைக்கு வந்து சோறு தின்றுவிட்டுப் போன கழுகுகளைப் பார்க்க ஒரு காலத்தில் இந்தியா முழுவதிலிருந்தும் கூட்டம் வந்தது. 1990களோடு கழுகுகள் வருவது நின்றுபோயிற்று. மலையில் உள்ள ஒருகல் மண்டபத்துக்கு மட்டும் ஏறிவிட்டு வந்தேன். சதுரங்கப்பட்டினத்தில் வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள் 1600களில் இங்கே வந்து சுவரில் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். காதலர்கள் கோயில் சுவரில் பெயர் கிறுக்குவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோமே, அதற்கு முன்னோடிகள் இவர்கள். வெள்ளைக்காரன் கிறுக்கினால் அதற்குச் சரித்திரம் என்று பெயர்!

மாமல்லபுரத்தில் இறங்கும்போது மழை வலுத்திருந்தது. பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். சாலையோரமாகவே அந்தப் பாறை நிற்கிறது. நீளம் மட்டும் சுமார் 90 அடி. ஊரில் எல்லோருக்கும் அது ‘அர்ச்சுனன் தபசு’. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. இயற்கையாக வந்த வெடிப்பு அது. வேறு யாராவது என்றால் குறை என்று ஒதுக்கியிருப்பார்கள். பல்லவர் காலத்துச் சிற்பி அதை ஆறாகப் பார்த்தான்.

தண்ணீரை அவன் செதுக்கவே இல்லை என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. ஓர் அலை, ஒரு சுழி, ஒரு கோடு கிடையாது. வெடிப்புக்குள்ளே நாகராஜனும் நாகினியும் படமெடுத்துக் கைகூப்பியபடி மேலே நீந்துகிறார்கள். அவர்கள் நீந்துவதால் அங்கே நீர் இருக்கிறது. இரண்டு பக்கத்திலும் தேவர்கள், கின்னரர்கள், வேடர்கள், சிங்கங்கள், மான்கள் என எல்லாம் வெடிப்பை நோக்கியே வருகின்றன. குட்டிகளோடு யானைகள் நீர்க்கரைக்கு வந்துவிட்டன. கீழே இடப்பக்கம் பாருங்கள், ஒருவன் குளித்து எழுந்து துணியை முறுக்கிப் பிழிகிறான். இன்னொருவன் தோளில் குடத்தோடு நிற்கிறான். யானையின் காலடியில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். நம் ஊர்க் குழந்தைகள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான்.

வெடிப்பின் இடப்பக்கம் மேலே, விலா எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நிற்கிற தபசி. எதிரே வரம் தரும் சிவன். பாசுபதம் கேட்டு நிற்கும் அர்ச்சுனன் என்பது ஒரு கட்சி. 1914-ல் விக்டர் கொலூபெவ் என்ற ரஷ்ய அறிஞர் பிரெஞ்சில் எழுதிய கட்டுரையில், இது கங்கை இறங்கும் காட்சி, நிற்பவன் பகீரதன் என்றார். அன்றிலிருந்து வழக்கு நடக்கிறது. பாறைக்கு மேலே தொட்டி கட்டியிருந்த அடையாளத்தையும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். தொட்டியைத் திறந்துவிட்டால் நாகங்களின் மேல் நிஜமாகவே தண்ணீர் விழுந்திருக்கும். ஊரார் சொல்லும் பெயரை மாற்ற எனக்கு மனசில்லை. ஆனால் என் ஓட்டு கங்கைக்குத்தான். அர்ச்சுனன் தவத்துக்கு யானைக்கூட்டம் எதற்கு ஆற்றங்கரைக்கு வரவேண்டும், துணி பிழிகிறவன் எதற்கு?

எதிரே இளநீர்க் கடையின் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கினேன். கடைக்கார அம்மாவிடம், “இந்த வெடிப்புல தண்ணி வருமா?” என்று கேட்டேன்.

“நல்லா பேஞ்சா வரும் சார். மழ விட்டப்புறம் பாருங்க. பேயறப்ப யாரும் நிக்க மாட்டாங்க, ஓடிடுவாங்க.”

மழை விட்டது. சொன்னபடியே, வெடிப்பின் உச்சியில் கறுப்பாக ஓர் ஈரக்கோடு பளபளத்தது. நாகராஜனின் படத்தில் பட்டு, மார்பில் இழைந்து, விரல் பருமனுக்கு நீர் இறங்கியது. கால் மணி நேரம் இருக்கும். பிறகு சொட்டு, பிறகு அதுவும் இல்லை. கீஸ்பாக்கின் முன்னால் இது ஒன்றுமே இல்லை. என்றாலும் அந்தக் கால் மணி நேரம் பாறை முழுவதும் உயிர் வந்து நின்றது.

இந்த அருவிக்கும் சுற்றுலாச் சரித்திரம் உண்டு. கடலோடிகள் ‘ஏழு கோயில்’ என்று அடையாளம் வைத்திருந்த இந்தக் கரைக்கு வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் 1772-லும் 1776-லும் வந்தார். அவர் நினைவிலிருந்து எழுதிய கட்டுரை 1788-ல் கல்கத்தாவில் அச்சாயிற்று. கடலில் மூழ்கிய கோயில்கள் என்ற கதை ஐரோப்பாவுக்குப் போனதில் அதற்குப் பெரிய பங்கு. இந்தியாவைக் கண்ணால் பார்க்காத ராபர்ட் சவுதி 1810-ல் தன் காவியத்தில் கடலில் மூழ்கிய இந்த நகரத்தைச் சேர்த்துக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் சென்னையில் ராத்திரி பக்கிங்ஹாம் கால்வாய்ப் படகில் ஏறி, தூங்கி எழுந்து இங்கே இறங்கினார்கள். இல்லாவிட்டால் செங்கல்பட்டு வரை ரயில், அப்புறம் மாட்டு வண்டி. 1984-ல் யுனெஸ்கோ பட்டியல். 2019 அக்டோபர் 11 அன்று மோடியும் ஷி ஜின்பிங்கும் இதே பாறைக்கு முன்னால் நின்றார்கள். 2021-22-ல் கட்டண நினைவுச்சின்னங்களுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கையில் மாமல்லபுரம் தாஜ்மகாலையே முந்தியது: சுமார் 1.45 லட்சம் பேர். கொரோனா காலக் கணக்குதான், அதனால் ரொம்பவும் மார்தட்ட வேண்டாம்.

திரும்பும் வழியில் கலங்கரை விளக்கப் பக்கம் போய் இன்னொரு பாறையையும் பார்த்தேன். இதே காட்சியைச் செதுக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறார்கள். அங்கே ஒருவரும் இல்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து நண்பருக்குப் படத்தை அனுப்பினேன். “தண்ணி எங்கே?” என்று கேட்டார். துணி பிழிகிறவனை மட்டும் பெரிதாக்கி மறுபடி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் குடை எடுத்துக்கொள்ளுங்கள். மழை விட்டதும் ஓட்டலைத் தேடி ஓடாமல் வெடிப்பின் எதிரே நில்லுங்கள். அடுத்த வாரம் சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரர்களின் கோட்டை.