ஆயா கையில் என் ஸ்மார்ட் வாட்ச்!

ராத்திரி 11.40. சாப்பாட்டுத் தட்டோடு அம்மா காத்திருக்க, நான் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். 10,000 அடிக்கு இன்னும் 640 பாக்கி. “பைத்தியமா உனக்கு?” என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது. நிற்கத்தான் முடியவில்லை.

எனக்கு டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை. எழுதியதை எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை விநாடி படித்தார்கள் என்று நாள் முழுக்க எண்கள் ஓடும். வீட்டுக்கு வந்தால் கையில் இன்னொரு எண். தூக்கத்துக்குக்கூட மார்க்! நன்றாகத் தூங்கி எழுந்தாலும் வாட்ச் 58 என்று காட்டினால், அன்று முழுக்க அசதியாகவே இருக்கும்.

போன பங்குனியில் கீழ்புத்துப்பட்டில் ஆயா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆயா பல வருஷங்களாக மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறார். வெயில் ஏறினால் உப்பின் வெளிச்சம் கண்ணைக் குத்தும் என்பதால், விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். விளையாட்டாக என் வாட்சை அவர் கையில் கட்டி அனுப்பினேன்.

மதியம் திரும்பி வந்தபோது 14,200 அடி. “டார்கெட்டைத் தாண்டிட்டே ஆயா!”

“அப்படியா? அதுக்குக் கூலி ஏத்தித் தருவாங்களா கண்ணு?”

சிரித்தேன். வெடித்த குதிகாலில் எண்ணெய் தடவிக்கொண்டே அடுத்ததைக் கேட்டார். “நீ கட்டிவுட்டே, சரி. இதையே மொதலாளி கட்டிவுட்டா? நின்னு ஒரு வாய் தண்ணி குடிச்சதும் கணக்குல வந்துடும்ல?”

எனக்கு விளையாட்டுப் பொருள், ஆயாவுக்கு மேஸ்திரி. 100 நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செயலியில் தினம் இரண்டு முறை போட்டோ எடுத்து வருகைப்பதிவு செய்வது கட்டாயமானது. சிக்னல் கிடைக்காமல் போட்டோ ஏறாவிட்டால் கூலி போகிறது என்று பல மாநிலத் தொழிலாளர்கள் போராடினார்கள். ஆயாவின் பயம் கற்பனை இல்லை.

அந்த 10,000 எங்கிருந்து வந்தது என்றும் தேடினேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருஷம், 1965-ல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடை அளக்கும் கருவியின் பெயர் ‘மான்போ-கே’. அர்த்தம், ‘10,000 அடி மீட்டர்’. விற்பனைக்காக வைத்த பெயர்! 2019-ல் ஹார்வர்டு ஆய்வாளர் ஐ-மின் லீ குழு, 16,741 வயதான அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்தது. சுமார் 4,400 அடியிலேயே இறப்பு அபாயம் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்படியானால் அளவே வேண்டாமா? வேண்டும். உவர்நீர் 25 டிகிரி அடர்த்தியைத் தொடும்போதுதான் உப்பு விளையத் தொடங்கும். 30-ஐ நெருங்கவிட்டால் கசப்பு ஏறும். ஆனால், அந்த அளவு உப்புக்காக. உப்பை வாரியதும் அதன் வேலை முடிந்தது. நான் ராத்திரி 11.40-க்கு என்னத்தை வாரினேன்?

வாட்சைத் தூக்கி எறியவில்லை. மணி பார்க்கிறேன். டார்கெட்டையும் தூக்க மார்க்கையும் அணைத்துவிட்டேன். அம்மா தட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுகிறேன்.

போன வாரம் ஆயாவோடு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்கு நடந்தேன். எத்தனை அடி என்று தெரியாது. பெரியப்பா கல்யாணத்தில் நடந்த சண்டையை ஆயா சொல்லி முடிக்கிற தூரம்.