தீட்சாபூமியிலே

தோடம்பழத்துக்குப் பேர்போன நாகபுரி, இந்தியாவின் நடுப்பகுதியில், மகாராஷ்டிர மாநிலத்தில் அமைந்த பெருநகரம். அங்கே செல்வோர் தவறாது காணவேண்டிய இடம் தீட்சாபூமியாகும். 1956ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள், விசயதசமியன்று, டாக்டர் அம்பேத்கார் இலட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தத்தைத் தழுவிய திடல் அதுவே.

அத்திடலில் இன்று சாஞ்சித் தூபியை ஒத்த வடிவில், 120 அடி உயரத்தில், பெருந்தூபியொன்று நிற்கின்றது. 2001ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. அநுராதபுரத்து ருவான்வெலிசாயவை நாம் வெளியே நின்றே வலம் வருகின்றோம். இத்தூபியோ உள்ளே வெறுமையான பெருங்கூடம். எவரும் உட்சென்று புத்தர் திருவுருவின் முன்னே அமரலாம்.

இத்திறந்த வாயிலின் அருமையை உணர, பழைய நிகழ்ச்சிகள் சிலவற்றை அறிதல் வேண்டும். பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகும் உரிமைக்காக 1927இல் மகாட் என்னும் ஊரிலும், ஆலயத்தினுள் செல்லும் உரிமைக்காக 1930இல் நாசிக் நகரத்துக் காளராமர் கோயிலிலும் தம் மக்களைத் திரட்டிப் போராடியவர் அம்பேத்கார். ஆண்டுக்கணக்காகப் போராடியும் கோயிற் கதவு திறந்திலது. இந்துவாக இறக்கப்போவதில்லை என்று 1935இல் இயோலா நகரில் அவர் அறிவித்தார்.

எனினும் அவர் அவசரப்படவில்லை. அதன்பின் இருபத்தொரு ஆண்டுகள் சமயங்களை ஆராய்ந்தார். பகுத்தறிவுக்கு ஒத்ததாய், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பவற்றை ஏற்பதாய் ஒரு சமயம் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1950இல் இலங்கைக்கு வந்து உலக பௌத்தர் மாநாட்டிலும் கலந்துகொண்டார். அவர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்பு, அதே ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்து தீண்டாமையை ஒழித்திருந்தது. சட்டம் இயற்றியவரே சட்டத்தோடு அமையாது அறநெறியொன்றைத் தேடியது சிந்தித்தற்குரியது.

குசிநகரிலிருந்து வந்த சந்திரமணி மகாதேரரிடம் மும்மணிச் சரணமும் பஞ்சசீலமும் ஏற்ற பின்னர், அவரே தம் மக்களுக்கு அவற்றை வழங்கி, இருபத்திரண்டு உறுதிமொழிகளையும் எடுப்பித்தார். மனிதர் யாவரும் சமம் என்பதை நம்புவதும், அச்சமத்துவத்தை நிலைநாட்ட முயல்வதும் அவற்றுட் சேர்ந்தவை. இரண்டு மாதங்கள் நிறையுமுன், டிசெம்பர் 6ஆம் நாள், அவர் மறைந்தார். அவரது அஸ்தி இத்தூபியினுள் வைக்கப்பட்டுள்ளது.

தூபியின் அருகே தழைத்து நிற்கும் போதிமரம் நம் அநுராதபுரத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. ஆண்டுதோறும் தீட்சை நாளில் தொலைதூரக் கிராமங்களிலிருந்து ஏழை எளியோர் இங்கே திரள்கின்றனர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உள்ளே செல்லும் உரிமை கேட்டு நின்றோரை நம்மவர் மறந்திருக்க மாட்டார். சமயம் வேறாயினும் கேட்ட நீதி ஒன்றே. நாகபுரிக்குச் செல்லும் இளைஞர், தோடம்பழக் கூடையோடு இந்த எண்ணத்தையும் வீட்டுக்குக் கொண்டுவருவாராக.