அரை டம்ளர் காபி

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். சர்ஜனைப் பற்றி இரண்டு வாரம் துருவியிருந்தேன். எங்கே படித்தார், கூகுளில் எத்தனை நட்சத்திரம், எல்லாம் அத்துப்படி. மயக்க மருந்து கொடுக்க இன்னொரு டாக்டர் வருவார் என்பதே எனக்குத் தோன்றவில்லை. சர்வர் படுக்கும்வரை அதைப் பார்த்துக்கொள்கிறவர்களை எங்கள் ஆபீசில் யாருக்கும் ஞாபகம் வராது, அந்த மாதிரி.

அவர் காலை ஏழரைக்கு வந்தார். அம்மாவை வாயைத் திறக்கச் சொன்னார். ஆடுற பல் இருக்கா என்று பார்த்தார். கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னார்.

"கடைசியா எப்பம்மா சாப்டீங்க?"

"நேத்து ராத்திரி. ரெண்டு இட்லி."

"காலைல காபி?"

அம்மா என்னைப் பார்த்தார். தலைவலி தாங்கலடா என்றதும் ஆறு மணிக்கு கேன்டீனிலிருந்து அரை டம்ளர் வாங்கிக் கொடுத்தது நான்தான். நர்ஸ் கேட்டபோது இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. இப்போது ஒத்துக்கொண்டேன்.

"அப்ப மத்தியானம் வச்சுக்கலாம்."

எனக்குச் சுர்ரென்றது. "அரை டம்ளர்தானே மேடம்?"

"வெறும் தண்ணின்னா ரெண்டு மணி நேரம் போதும் தம்பி. பாலுக்கு ஆறு மணி நேரம். அது வயித்துல போய்த் திரிஞ்சிடும். மயக்கத்துல இருமல் வராது, விழுங்க முடியாது. உள்ள இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா, கல்லை எடுத்து என்ன பிரயோஜனம்?"

வராந்தாவில் உட்கார்ந்து போனில் படித்தேன், காலம் கடந்து. தூங்க வைப்பது சில நிமிட வேலைதான். அதன்பிறகு நோயாளி தானாக மூச்சு விடுவதில்லை, தசைகளைத் தளர்த்த மருந்து கொடுத்துவிடுகிறார்கள். லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை நிரப்பும்போது அது உதரவிதானத்தை மேலே தள்ளும். அதற்கேற்ப மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே அவர் தலைமாட்டில் இருக்கவேண்டும். விரலில் மாட்டும் கிளிப்புக்கு 1970களில் வழி கண்டவர் தகுவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளராம் (நம்ம ஆள்!). ஆக்சிஜன் குறையக் குறைய பீப் சத்தத்தின் சுருதி இறங்கும். திரும்பிப் பார்க்காமலே காதுக்குத் தெரிந்துவிடும். ஆன்-கால் வாரத்தில் வரும் அலாரங்களில் பாதியை மியூட் பண்ணிவைக்கிற ஆள் நான்.

சாயங்காலம் அம்மா கண் விழித்திருந்தார். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்கடா. அந்த டாக்டரம்மா பேரென்ன?"

தெரியவில்லை. பில்லை எடுத்துப் பார்த்தேன். சர்ஜன் பெயர் இருந்தது. அதற்குக் கீழே 'அனஸ்தீசியா கட்டணம்', தொகை. அவ்வளவுதான்.

"சரி விடு, நாளைக்கு ரவுண்ட்ஸ் வந்தா நானே கேக்கறேன். காபி எப்பக் குடுப்பாங்க?"

"அதையும் அவங்ககிட்டயே கேட்டுக்கம்மா."