கண்ணை மூடினா அழிஞ்சு போகுமா?



கல்யாண வீடியோவில் பூ சுத்தும், பெயர் பறந்து வரும். அது ஒரே படம் இல்லை. டிரேசிங் பேப்பரை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினது மாதிரி பூ ஒரு தாள், பெயர் ஒரு தாள், போட்டோ ஒரு தாள். இதைத்தான் லேயர் என்கிறார்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில் ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் குட்டியாக ஒரு கண் படம் இருக்கும். அதை அமுக்கினால் லேயர் மறையும். மறுபடி அமுக்கினால் வந்துவிடும்.

என் சித்தப்பா புதுக்கோட்டையில் வீடியோ எடிட்டிங் செய்கிறார். லீவுக்குப் போனபோது ஒரு காதுகுத்து அழைப்பு வீடியோ வேலை நடந்தது. அந்த வீட்டுத் தாத்தா இறந்ததால் விசேஷம் தள்ளிப்போய், மறுபடி தேதி வைத்திருந்தார்கள். "அப்பா போட்டோவை எடுத்துருங்க" என்றார் மகன். நான் டெலிட் பண்ணுவார் என்று நினைத்தேன். சித்தப்பா கண்ணை மட்டும் மூடினார்.

கூட வந்த பாட்டி வீடியோவைப் பார்த்துவிட்டு, "அவரு இல்லாம எப்படிப்பா?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. சித்தப்பா கண்ணைத் திறந்தார். தாத்தா அதே இடத்தில், அதே மேளச் சத்தத்துக்குச் சரியாக வந்து நின்றார். மேலே 'நினைவில் வாழும்' என்று மட்டும் சேர்த்தார்கள். டெலிட் பண்ணி சேவ் செய்திருந்தால் அசைவு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யணுமாம்.

அவர் சொன்ன மூன்று விஷயம்:
1. கண்ணை மூடினாலும் பாட்டுச் சத்தம் நிற்காது. அதற்கு ஸ்பீக்கர் படம் தனி.
2. சோலோ என்ற வட்டத்தை அமுக்கினால் அந்த லேயர் மட்டும் தெரியும். வேலை முடிந்ததும் எடுத்துவிடணும்.
3. ரெண்டர் கொடுக்கும் முன் எல்லாக் கண்ணையும் ஒரு தடவை பார்க்கணும். மூடின லேயர் வீடியோவில் வராது.

நம்ம ஊர்ப் பக்கத்திலேயே லேயர் இருக்கு தெரியுமா? சித்தன்னவாசல் குகைக்கோயில்தான்! பாறை மேல் சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் வண்ணம். கூரையில் தாமரைக்குளம், மீன், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். 9ஆம் நூற்றாண்டு ஓவியம். நிறைய இடத்தில் உதிர்ந்து போச்சு. அங்கே திரும்பத் திறக்க எந்தக் கண் படமும் இல்லை. போனால் போனதுதான்.

அதனால் டூர் போகும்போது கண்ணால் மட்டும் பாருங்க. கையை வைக்காதீங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, நார்த்தாமலை