அழைப்பு யாருடையது?



நாங்குநேரி வட்டாரத்தில் மே மாதம் திருமணங்களின் மாதம். சென்னையிலும் மும்பையிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் திரும்பும் காலம் அது. அந்நாட்களில் ஆலயத்துக்குள் மணமக்களுக்கு அடுத்தபடியாக அதிகம் உழைக்கிறவர்கள் புகைப்படக்காரர்களே. நம் சபை வாலிபர் சிலரும் கடன் வாங்கிக் கேமரா வாங்கி இத்தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களை மனதில் கொண்டும், அவர்களைத் திருமணத்துக்கு அமர்த்துகிற உங்களை மனதில் கொண்டும் இவ்வாரம் எழுதுகிறேன்.

கேமராவின் தலையில் ஒரு சிறு பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு டிரிகர் என்று பெயர். தூரத்தில் ஸ்டாண்டின்மேல் நிற்கும் ஃபிளாஷுக்கு, "இப்போது ஒளி கொடு" என்று அது வானொலி அலையால் கட்டளையிடுகிறது. முற்காலத்தில் இதற்கு ஒயர் இழுப்பார்கள்; மணவாட்டியின் உடை அதில் சிக்காமல் பார்த்துக்கொள்வதே ஒரு வேலை. இப்போது ஒயர் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த ஒயர் அறுந்தால் உடனே காணலாம். கண்ணுக்குத் தெரியாத அழைப்பு தவறினால் எங்கே தவறிற்று என்று தேடவேண்டும்.

இந்த டிரிகர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. வைஃபையும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. ஆராதனையை நேரலையில் அனுப்ப நாம் பீடத்தருகே வைத்திருக்கும் ரௌட்டரும், வந்திருக்கும் முந்நூறு பேரின் கைபேசிகளும் அந்தச் சந்தையில் கூவுகிறவையே. மேலும் இந்த அலையை நீர் உறிஞ்சிக்கொள்ளும்; மனித உடலோ பெரும்பகுதி நீர். ஆகவே காலியான ஆலயத்தில் சனிக்கிழமை மாலை நன்றாக வேலை செய்த ஃபிளாஷ், கூட்டம் நிறைந்த திங்கட்கிழமை காலையில் தடுமாறுவதில் வியப்பில்லை. ஸ்டாண்டை ஆட்களின் தலைக்குமேல் உயர்த்தினால் பாதித் தொல்லை தீரும். முற்றத்தில் வைத்தால் மட்டும் எச்சரிக்கை: ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வருகிற ஆனி, ஆடிக் காற்று குடையோடு ஸ்டாண்டையும் சாய்த்துவிடும். அடியில் மணல்மூட்டை வேண்டும்.

சென்ற மே மாதம் நம் பகுதியில் ஓர் ஆலயத்தில் நான் நடத்திய திருமணத்தில் ஒரு காரியத்தைக் கண்டேன். புகைப்படக்காரரின் ஃபிளாஷ் மூன்றுக்கு ஒருமுறை எரியவில்லை. அதுமட்டுமல்ல, ஜெபவேளையில் யாரும் அழைக்காமலே தானாகப் பளிச்சென்று எரிந்தது. ஸ்டாண்டைப் பிடித்திருந்தவன் பதினேழு வயது மதிக்கத்தக்க பையன். "என்னத்தடா தொட்ட?" என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது பீடத்தில் நின்ற எனக்கே கேட்டது. முன்வரிசையார் திரும்பிப் பார்த்தார்கள். பையனின் கண் கலங்கிற்று.

ஆனால் அவன் கண்கலங்கினாலும் கவனித்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை வீட்டார் வள்ளியூரிலிருந்து அழைத்து வந்த வேறொரு புகைப்படக்காரர் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் தங்கள் ஃபிளாஷ் எரிவதைக் கண்டுகொண்டான். இருவரிடமும் ஒரே வகை டிரிகர். இரண்டும் வாங்கிய நாள்முதல் மாற்றப்படாத முதல் சேனலில் இருந்தன. அந்நியரின் அழைப்புக்கு ஒளி கொடுத்துவிட்டு, மறுபடி மின்னேற்றம் பெறுமுன் சொந்த எஜமானின் அழைப்பு வந்தால் ஃபிளாஷ் எப்படி எரியும்? பாடல் பாடப்பட்ட வேளையில் அவன் மெதுவாகப் போய்ச் சொன்னான். டிரிகரிலும் ஃபிளாஷிலும் சேனலை மாற்றினார்கள். தாலி கட்டும் வேளையில் ஒரு படமும் தவறவில்லை. விருந்தில் அந்தப் புகைப்படக்காரர் பையனைத் தம் அருகே அமர்த்தி உண்ணச் செய்ததையும் கண்டேன்.

வாலிபரே, உங்கள் உபயோகத்துக்காகச் சோதிக்கும் வரிசையைச் சொல்லுகிறேன். முதலாவது, டிரிகரிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். ஃபிளாஷ் எரிந்தால் அலையில் குறையில்லை. கேமராவுக்கும் டிரிகருக்கும் நடுவே தேடுங்கள். டிரிகர் சரியாகப் பொருந்தாதிருக்கலாம், அதன் அடியிலுள்ள உலோகப் புள்ளிகளில் அழுக்கிருக்கலாம். ஆலயத்தில் சத்தம் வேண்டாமென்று நாங்கள் சொல்வதால் நீங்கள் ஒலியற்ற ஷட்டருக்கு மாறியிருக்கலாம்; பெரும்பாலான கேமராக்களில் அப்போது ஃபிளாஷ் எரியாது.

சோதனைப் பொத்தானுக்கும் எரியாவிட்டால் சேனல், குழு, பேட்டரி ஆகிய மூன்றையும் பாருங்கள். நம் ஊரில் பலர் வைத்திருக்கும் கோடாக்ஸ் வகையில் 32 சேனல்கள் உண்டு. புதியவற்றில் 01 முதல் 99 வரை அடையாள எண்ணும் உண்டு. இரண்டு கருவியிலும் ஒன்றாக அமைத்தால் அந்நியர் குறுக்கிடுவது அரிது. பிரசங்கம் நீண்டால் சில ஃபிளாஷ்கள் தாமே உறங்கிவிடும். ஐத்திகுவை நினைத்து மன்னித்து, உறங்கும் அமைப்பை அணைத்துவையுங்கள். படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் அது பெரும்பாலும் அலையின் குற்றமல்ல. ஷட்டர் வேகம் கேமராவின் எல்லையாகிய 1/200 அல்லது 1/250 நொடியைத் தாண்டியிருக்கும்.

பெரியோரே, உங்களுக்கும் ஒன்று உண்டு. சாமுவேல் என்னும் பிள்ளை இரவில் ஓர் அழைப்பைக் கேட்டு, அழைக்காத ஏலியிடம் மூன்றுமுறை ஓடினான். மூன்றுமுறை உறக்கம் கலைந்தும் அந்த முதியவர் பிள்ளையை வையவில்லை. அழைப்பு யாருடையது என்று யோசித்தார். அதனால் காரியம் விளங்கிற்று. ஏலியின் வாழ்வில் குறைகள் பல உண்டு. ஆயினும் அந்த இரவில் அவர் காட்டிய பொறுமை நமக்குப் பாடம்.

நம் வீடுகளிலும் ஏவாத வேளையில் ஓடுகிறவர்களும், ஏவிய வேளையில் அசையாதவர்களும் உண்டு. கையில் ஸ்டாண்டைப் பிடித்திருப்பவன்மேல் குற்றம் சாட்டுவது எளிது; அவன் அருகில் இருக்கிறான், சிறியவனாயிருக்கிறான், எதிர்த்துப் பேசமாட்டான். இவ்வாரம் அப்படி ஒருவர்மேல் கோபம் எழும்போது, முதலாவது சோதனைப் பொத்தானை அழுத்துங்கள்: "என்ன நடந்தது?" என்று அவரையே கேளுங்கள். விடை பெரும்பாலும் அவரிடத்திலேயே இருக்கும்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.